மின்சார மலைச் சைக்கிள் வாங்கும் முன் மேட்டைக் கணக்குப் போடுங்கள்

என் சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?" டீக்கடையில் கேட்கிறார்கள், பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையிலும் கேட்கிறார்கள். விற்கிற கடையிலும் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. நாற்பது, அறுபது, எண்பது கிலோமீட்டர் என்று அட்டையில் பெரிதாக அச்சடித்து வைத்திருப்பார்கள். அந்த எண்ணை நம்பி தருமபுரி மாவட்டத்தில் யாரும் சைக்கிள் வாங்கக் கூடாது. நான் சொல்ல வருவது இதுதான்.

நம் பக்கம் சமதளம் குறைவு. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகும்போது சுகமான இறக்கம், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். வத்தல்மலை நேரடியாக மலை. அரூர் தாண்டிச் சித்தேரி போனாலும் மலைதான். கிருஷ்ணகிரிப் பக்கம் அஞ்செட்டியும் தேன்கனிக்கோட்டையும் அப்படியே. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, "ஒரு சார்ஜில் எவ்வளவு உயரம் ஏறும்?" என்பது. கடைக்காரருக்கு இதற்குப் பதில் தெரியாது. ஆனால் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், அதனால் வாங்குவதற்கு முன்பே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பேட்டரி. அதன் மேல் வோல்ட், ஆம்பியர் மணி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் 360 வாட் மணி. நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. அதாவது இந்த பேட்டரியை முழுக்க நிரப்ப அரை யூனிட்கூட ஆகாது. விலை குறைந்த மாடல்களில் 36 வோல்ட், 7.5 ஆம்பியர் மணி என்று போட்டிருப்பார்கள். அது 270 வாட் மணி. பேட்டரியின் உருவத்தையோ விளம்பரத்தையோ பார்க்காமல் இந்தப் பெருக்கல் தொகையை மட்டும் பாருங்கள்.

அடுத்து ஏற்றம். என் எடை, சைக்கிளின் எடை, பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். அதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். 90 பெருக்கல் 9.8 பெருக்கல் 100, மொத்தம் 88,200 ஜூல். 3600 ஆல் வகுத்தால் 24.5 வாட் மணி. இது இயற்கை கேட்கிற குறைந்தபட்ச விலை, யாரும் தள்ளுபடி தர முடியாது. மோட்டார் தான் எடுக்கும் மின்சாரத்தை முழுதாக வேலையாக மாற்றாது, கால்வாசிக்கு மேல் சூடாகப் போய்விடும். டயர் உராய்வு, மோசமான ரோடு எல்லாம் சேர்த்தால், மிதிக்காமல் கைப்பிடியில் இருக்கும் திராட்டிலை மட்டும் அழுத்தி ஏறினால் 100 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 40 வாட் மணி போகும். நாம் பாதி வேலையைக் காலால் செய்தால் அது 20க்கு இறங்கிவிடும்.

இப்போது 300 மீட்டர் ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிதித்துக்கொண்டு ஏறினால் 60 வாட் மணி. திராட்டிலில் ஏறினால் 120. 270 வாட் மணி பேட்டரி வைத்திருப்பவருக்கு அந்த ஒரே மேட்டில் ஏறக்குறைய பாதி காலி. சமதளத்தில் மோட்டாரின் மிதமான உதவியோடு ஓட்டினால் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட் மணி ஆகும். அட்டையில் போட்டிருக்கும் அறுபது கிலோமீட்டர் எல்லாம் எடை குறைந்த ஒருவர், காற்றில்லாத நாளில், நல்ல தார் ரோட்டில், குறைந்தபட்ச உதவியில், நன்றாக மிதித்துக்கொண்டு போனால் வரும் எண்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு என் தேவை தெளிவாகிவிட்டது: 360 வாட் மணிக்குக் குறையாத பேட்டரி, கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போகும்படி இருக்க வேண்டும், முக்கியமாக நான் மிதித்து உதவக்கூடிய கியர் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கியர் என்றால் "21 கியர் இருக்கிறது", "7 கியர் இருக்கிறது" என்று எண்ணிக்கை சொல்வார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கும் மிகப்பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். முன்னால் 42, பின்னால் 28 என்றால், 27.5 அங்குலச் சக்கரத்தில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் மூன்றே கால் மீட்டர் அளவுக்கு நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர். கடும் மேட்டில் அந்த வேகம் யாருக்கும் வராது. எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் நிமிடத்துக்கு நாற்பது சுற்றுதான் மிதிப்பீர்கள், ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இடிக்கும். பின்னால் 34 பல் இருந்தால் அதே அறுபது சுற்றுக்கு வேகம் ஒன்பதரைக்கு இறங்கும். முன்னால் இருப்பதையும் 34 பல்லாக மாற்றிவிட்டால் எட்டுக்கும் கீழே. அந்த நிலையில் நாற்பது வயது தாண்டிய என் முழங்காலும் வலிக்காமல் மலை ஏறுகிறது.

நான் வாங்கிய சைக்கிளில் பின்னால் 28 பல்தான் இருந்தது. வாங்கும்போதே கடையில் சொல்லி 14-34 ஃப்ரீவீல் (14 முதல் 34 பல் வரையிலான பின் பல்சக்கரத் தொகுதி) மாற்றிக்கொண்டேன். செயினையும் கொஞ்சம் நீளமாகப் போட வேண்டியிருந்தது. அதற்கான செலவு சைக்கிள் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பின் டெரெய்லர், அதாவது கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி, 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். எல்லா டெரெய்லரும் தாங்காது.

மோட்டாரில் இரண்டு வகை. பின்சக்கரத்தின் நடுவில் இருப்பது ஹப் மோட்டார். பெடல் அச்சில் இருப்பது மிட் டிரைவ். நம் ஊரில் முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதெல்லாம் ஹப் மோட்டார்தான். ஹீரோ லெக்ட்ரோ, ஈமோட்டோராட் போன்ற இந்திய நிறுவனங்களின் பெரும்பாலான மாடல்கள் இந்த வகை. பாஷ், ஷிமானோ மிட் டிரைவ் பொருத்திய சைக்கிள்கள் லட்சங்களில் ஆரம்பிக்கும்.

மலைக்கு மிட் டிரைவ்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. அதன் சக்தி செயின் வழியாகப் போவதால் நாம் கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் கியர் குறைகிறது. அது தனக்கு வசதியான வேகத்தில் சுற்றிக்கொண்டே சக்கரத்தை மெதுவாக, பலமாகத் தள்ளும். ஹப் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. 25 கிலோமீட்டர் வேகத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட மோட்டார், மேட்டில் எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் திணறும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாக மாறும். ஆகவே ஹப் மோட்டார் வைத்திருப்பவர் மேட்டில் வேகத்தை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கால் உதவ வேண்டும், காலுக்கு நல்ல கியர் வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்தது.

இத்தனை தெரிந்தும் நான் ஹப் மோட்டார்தான் வாங்கினேன். காரணம் பணம் மட்டுமில்லை. ஹப் மோட்டாரில் ஒயரோ, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கண்ட்ரோலரோ கெட்டால் மின் ஸ்கூட்டர் பார்க்கும் மெக்கானிக் யாராவது கை வைப்பார். ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின் வண்டித் தொழிற்சாலைகள் நம் பக்கத்திலேயே வந்துவிட்டன. அந்த வேலை தெரிந்த பையன்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். என் தம்பியே ஓசூரில் அப்படி ஒரு வேலையில் இருக்கிறான். மிட் டிரைவ் கெட்டால் பெங்களூருக்கு வண்டி ஏற்ற வேண்டும். பெங்களூருக்கு அடிக்கடி போய் வருபவர், பணமும் இருப்பவர் தாராளமாக மிட் டிரைவ் வாங்கட்டும்.

சென்சாரைப் பற்றியும் கேளுங்கள். விலை குறைந்தவற்றில் இருப்பது கேடன்ஸ் சென்சார். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும். பெடல் கொஞ்சம் சுற்றிய பிறகு மோட்டார் திடீரென்று தள்ளும். ஜல்லி கொட்டிய வளைவில் இந்தத் தள்ளல் பின்சக்கரத்தை வழுக்கிவிடும். டார்க் சென்சார் நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று அளந்து அதற்கேற்பத் தள்ளும், மண் பாதையில் அது பெரிய நிம்மதி. என்னுடையது கேடன்ஸ்தான். பிரேக் லீவரை லேசாகத் தொட்டால் மோட்டார் நின்றுவிடும் என்பதால் அதையே கிளட்ச் மாதிரி பயன்படுத்துகிறேன். வளைவுக்குள் நுழையும்போது லீவரில் ஒரு விரல், வளைவு முடிந்ததும் விரலை எடுத்து மிதி. கியர் மாற்றும்போதும் இதே வேலை. மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும், பல் சீக்கிரம் தேயும். ஒரு கணம் லீவரைத் தொட்டு, மிதியைத் தளர்த்தி, கியரை மாற்றி, பிறகு மிதித்தால் சத்தமே வராது.

பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் தனியாக ஒன்று. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கடைகளில் நிற்கும் மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஐந்தரை அடி ஆளுக்குச் செய்தவை. "சீட்டை இறக்கித் தர்றேன் மேடம்" என்பார்கள். சீட்டை இறக்கினால் கால் தரையில் படும், ஆனால் மிதிக்கும்போது முழங்கால் மடங்கியே இருக்கும், மேட்டில் வலி உறுதி. சரியான சோதனை இரண்டு. சீட்டுக்கு முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் குறுக்குக் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். அப்புறம் சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இந்த இரண்டும் பொருந்தும் ஃப்ரேம் கிடைக்கும்வரை தேடினேன். தருமபுரியில் கிடைக்கவில்லை, சேலத்தில் ஒரு கடையில் கிடைத்தது. 29 அங்குலச் சக்கரத்தைவிட 27.5 நம் உயரத்துக்கு இணக்கமாக இருக்கும். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, பேண்ட்டின் வலது காலை ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். செயினுக்குத் துணி என்றால் ஆசை.

வாங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை இருக்கிறது. மோட்டாரை முழுக்க அணைத்துவிட்டு அரை கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், சிறு மேடு ஒன்றையும் சேர்த்து. இந்தச் சைக்கிள்கள் இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ எடை. பேட்டரி தீர்ந்தால் அதைத்தான் வீடுவரை மிதிக்கப் போகிறீர்கள். அணைத்த நிலையில் ஓட்டவே முடியாத சைக்கிள் மலைப்பக்கம் ஆகாது. அதோடு தள்ளுநடை வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். உதவியைக் குறைக்கும் கழித்தல் பட்டனை அழுத்திப் பிடித்தால் நாம் நடக்கிற வேகத்தில் சைக்கிள் தானாக ஊர்ந்து வரும். மிதிக்க முடியாத செங்குத்துப் பாதையில் இருபத்து மூன்று கிலோவைத் தள்ளிப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். சில கடைகளில் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துத் தருகிறேன் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். எடுத்துவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம், விபத்து என்று வந்தால் எந்தக் காகிதமும் உங்கள் பக்கம் நிற்காது.

இனி ஓட்டுவது.

வத்தல்மலை தருமபுரியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அடிவாரம்வரை வயலும் தோப்பும், அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் காபி, சில்வர் ஓக், பலா, சாமை வயல் என்று வேறொரு ஊர். கீழே புழுக்கமாக இருக்கும் காலையில் மேலே பனி மூடியிருக்கும். எனக்கு இந்த மாவட்டத்திலேயே மிகப் பிடித்த பாதை இதுதான். இந்த ஒன்றுக்காகவே சைக்கிளுக்குக் கொடுத்த பணம் தகும் என்று நினைக்கிறேன்.

அடிவாரம்வரை மோட்டார் உதவியை ஒன்றில் வைப்பேன், முடிந்தால் அணைத்தே விடுவேன். பேட்டரியை மலைக்குச் சேமிக்க வேண்டும். ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்திலேயே, கஷ்டம் தெரிவதற்கு முன்பே, கியரைக் குறைத்துவிடுவேன். உதவி ஐந்தில் இரண்டு அல்லது மூன்று. நிமிடத்துக்கு அறுபது, எழுபது சுற்று மிதிப்பதைக் குறைக்கவே கூடாது. மூச்சு வாங்கினால் பரவாயில்லை, கால் மட்டும் இடிக்கக் கூடாது. வளைவுகளில் உட்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. ஆனால் மேலிருந்தும் கீழிருந்தும் ஜீப்பும் பஸ்ஸும் வரும் பாதை என்பதால் எதிர்ப்பக்கம் போய் ஏறாதீர்கள். வளைவுக்கு முன்பே இன்னொரு கியர் குறைத்து, நம் பக்கத்திலேயே ஊர்ந்துவிடுவது நல்லது.

சில வளைவுகளுக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி ஹப்பில் கை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு என்றால் சரி. கையை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் பெரும்பாலும் நைலான். சூட்டோடு இழுத்தால் அவை தேயும்.

மேலே ஒரு பாட்டியம்மா என்னை நிறுத்தி, சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, கரண்டு வண்டின்னு சொல்றியே, அப்புறம் எதுக்கு மிதிக்கிற?" என்றார். "பாதி நான், பாதி அது பாட்டி. நான் மிதிக்கலேன்னா அது பாதி மலையிலேயே நின்னுடும்" என்றேன். "அப்ப வூட்டுக்காரர் மாதிரி இல்ல, ஒழுங்கா பாதி வேல செய்யுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இறக்கம் ஏற்றத்தைவிட அதிகக் கவனம் கேட்கும். தொண்ணூறு கிலோ எடை கீழே வரும்போது, மேலே ஏற்றிய சக்தியில் பெரும்பங்கு பிரேக்கில்தான் போய் முடிய வேண்டும். இரண்டு பிரேக்கையும் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதித்துப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையிலேயே இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். முன் பிரேக்கைப் பயந்து தொடாமல் இருப்பவர்கள் நிறைய. நிறுத்தும் வலு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கையைத் தளர்த்தி, அளந்து பிடித்தால் அது கவிழ்க்காது. மணல் படிந்த இடத்தில் மட்டும் அதை விட்டுவிடுங்கள். ஒயர் இழுக்கும் டிஸ்க் பிரேக் என்றால் ஒவ்வொரு மலைப் பயணத்துக்கு முன்னும் பிரேக் கட்டையின் தடிமனைப் பார்த்து ஒயரை முறுக்கிக்கொள்ள வேண்டும். ஹைட்ராலிக் பிரேக் வாங்க முடிந்தால் வாங்குங்கள், மோட்டாரின் வலுவைக் கூட்டுவதைவிட அதில் போடும் பணம் பிரயோஜனமானது.

தொப்பூர் கணவாயில் சைக்கிளை இறக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 44, பிரேக் சூடேறிய லாரிகள் வரும் இறக்கம் அது. விபத்துச் செய்தி இல்லாத மாதம் அரிது.

ஒகேனக்கல் பாதைக்கு வருகிறேன். வத்தல்மலையில் முதலில் செலவு, பிறகு இறக்கம். ஒகேனக்கல்லில் தலைகீழ். போகும்போது பேட்டரி அசையவே அசையாது, சந்தோஷமாக இருக்கும், அருவி, பரிசல், மீன் வறுவல் என்று நேரம் போகும். திரும்பும்போது உச்சி வெயிலில் காட்டு ஏற்றம். ஆகவே பென்னாகரத்தில் இருக்கும்போதே பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட வேண்டும். திரையில் தெரியும் நான்கு கட்டைகளை நம்ப முடியாது. மேட்டில் இரண்டு கட்டை காட்டும், சமதளத்துக்கு வந்ததும் மூன்றாகிவிடும். வோல்ட் காட்டும் திரை இருந்தால் அதையே பாருங்கள். 36 வோல்ட் பேட்டரி முழுதாக நிரம்பினால் 42 வோல்ட் காட்டும். மிதிக்காமல் நிற்கும்போது 36க்குக் கீழே வந்துவிட்டால் பெரிய ஏற்றத்தைத் தொடாதீர்கள். 30, 31 வோல்ட்டில் தானாகவே நின்றுவிடும். என் சைக்கிளில் கட்டை மட்டுமே காட்டியதால் தம்பி ஒரு சிறிய வோல்ட் மீட்டர் பொருத்திக் கொடுத்தான். அன்றிலிருந்து மனக்கணக்கு சுலபம்.

இப்போது முள். நம் மாவட்டங்களில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மேட்டைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். ஏரிக்கரை, ஓடை ஓரம், வண்டிப்பாதை எங்கும் அது உதிர்ந்து கிடக்கும். அதன் மெல்லிய முனை டயருக்குள் ஒடிந்து தங்கிவிடும். பஞ்சர் ஒட்டியவர் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்காமல் மாட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும். டியூப்புக்குள் சீலண்ட் ஊற்றி வைத்திருக்கிறேன். சிறு முள் குத்தினால் தானாக அடைத்துக்கொள்கிறது. வெயிலில் அது காய்ந்துவிடும், சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி ஊற்ற வேண்டும்.

ஹப் மோட்டார் சக்கரத்தில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். மோட்டார் ஒயர், பெரிய நட்டு, வாஷர் வரிசை என்று நடுரோட்டில் அது பெரிய வேலை. சைக்கிளைப் படுக்க வைத்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் எடுத்து, முள் குத்திய இடத்து டியூப்பை மட்டும் வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். முள் எங்கே என்று தெரியாவிட்டால் கொஞ்சம் காற்றடித்து, கன்னத்தருகே பிடித்து, காற்று வரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். கழற்றியே ஆக வேண்டிய நாளுக்காக அச்சு நட்டுக்குச் சேரும் ஸ்பேனர் ஒன்று பையில் இருக்கட்டும். எந்த அளவு என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்து வையுங்கள். மறுபடி மாட்டும்போது வாஷர்களின் வரிசை மாறக் கூடாது, கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. வால்வ் மோட்டார் பைக்குக்கு இருப்பது போன்ற தடித்த வகை என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிய வால்வ் என்றால் அடாப்டர் கையோடு வேண்டும். காற்றின் அளவு மண் பாதைக்கு 30, 35 பி.எஸ்.ஐ., தார் ரோட்டுக்கு 45 என்று வைத்துக்கொள்கிறேன். என் எடைக்கும் இரண்டே கால் அங்குல டயருக்கும் அது பொருந்துகிறது.

பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஒடிவதும் சகஜம். மோட்டாரின் எடையும் இழுப்பும் அதன் மேல்தான். பாலக்கோட்டில் ஒரு சைக்கிள் கடை அண்ணன் கோட்டம் எடுத்துக் கொடுத்தபோது சொன்னார்: "டீச்சர், சாதா கம்பி இதுக்கு நிக்காது. தடிமன் கம்பி, அதுவும் இந்த நீளத்துக்குத் தனியா வரவழைக்கணும். நாலு வாங்கி வீட்ல போட்டு வைங்க, நான் மாட்டித் தர்றேன்." அப்படியே செய்தேன். விற்ற கடையில் கம்பி கேட்டபோது சக்கரத்தையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சர்வீஸ் என்று கடைக்காரர் சொல்லும் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று வாங்கும்போதே கேளுங்கள். ஸ்போக்ஸ் கம்பி, டெரெய்லர் மாட்டும் ஹேங்கர், பிரேக் கட்டை, சார்ஜர் இந்த நான்கும் கடையில் இருப்பு இருக்கிறதா? எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு நம் ஊர் வெயில் ஆகாது. சித்திரை, வைகாசியில் சைக்கிளை வெயிலில் நிறுத்தினால் பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துப் போய்விடுங்கள். மலையிலிருந்து வந்த உடனே சார்ஜ் போடாமல் அரை மணி, ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். தினமும் நூறு சதவீதம் ஏற்றத் தேவையில்லை. மலைக்குப் போகும் முதல் நாள் இரவு மட்டும் முழுக்க ஏற்றுங்கள், மற்ற நாளில் எண்பது போதும். விடுமுறையில் வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். மழையில் ஓட்டலாம், ஆனால் ஓடையில் ஹப் மூழ்கும்படி இறங்கக் கூடாது. வண்டி கழுவும் கடையில் பிரஷர் தண்ணீர் அடிக்கவும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டாலே போதும்.

யானை பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து மலைப் பாதைகளைப் பேச முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், அதையொட்டிக் காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னேருகட்டா பக்கத்திலிருந்து யானைகள் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கி வரும். மோட்டார் பைக் சத்தம் தூரத்திலேயே கேட்கும், யானை ஒதுங்க நேரம் கிடைக்கும். மின் சைக்கிள் சத்தமே இல்லாமல் போய் வளைவில் அதன் முன்னால் நிற்கும். இது நமக்கும் ஆபத்து, அதற்கும் அதிர்ச்சி. அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டு ரோடுகளில் வெயில் ஏறிய பிறகு போய், மாலை நான்கு மணிக்குள் வெளியே வந்துவிடுவது என் வழக்கம். வளைவுகளில் மணி அடிப்பேன். காதில் பாட்டு மாட்டவே மாட்டேன். ரோட்டில் புதுச் சாணமோ ஒடிந்த மூங்கிலோ தெரிந்தால் அடுத்து வரும் பஸ் பின்னாலேயே போவது அல்லது திரும்பிவிடுவது. ரோட்டை விட்டுக் காப்புக்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்குவது வனத்துறை அனுமதி இல்லாமல் குற்றம், மலைச் சைக்கிள் வைத்திருக்கிறோம் என்பதற்காக அது மாறாது. மண் பாதை ஆசைக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவில் ஓடும் வண்டிப்பாதைகளும், ஏரிக்கரைகளும் எவ்வளவோ இருக்கின்றன. தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். மா அறுவடை நேரத்தில் மட்டும் டிராக்டர் நெரிசலால் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை இப்போது பழைய மின் சைக்கிள் ஒன்றை வாங்கப் பார்க்கிறார். பழையது வாங்குவதில் தவறில்லை, பேட்டரிதான் எல்லாமே. அதன் மேல் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நான்கைந்து வருடம் ஆகியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள், முதலில் அந்த மாடலுக்குப் புது பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முழுக்க சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லி, பக்கத்தில் இருக்கும் மேட்டில் உச்ச உதவியில் ஏற்றிப் பாருங்கள். 41க்கு மேல் காட்டிய வோல்ட் மேட்டில் ஒன்றிரண்டு இறங்கினால் சரி. ஐந்தாறு இறங்கினால், அல்லது பாதி மேட்டில் மோட்டார் நின்று நின்று ஓடினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு அவரோடு போகிறேன்.